தஞ்சாவூர் பஸ்ஸில் இரண்டு மொட்டைகள்

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, கீழ்வேளூரிலிருந்து தஞ்சாவூருக்குக் கீமோ ஊசி போடப் போய்வந்த மாதங்களில், ஊசியைவிட எங்கள் சபையின் ஜெபக்குழுதான் எனக்குப் பயமாக இருந்தது. நல்ல பெண்கள்தான். ஆனால் அவர்களில் மூத்தவர் என் வீட்டுக்கு ஜெபிக்க வரும் ஒவ்வொரு முறையும், "விசுவாசம் இருந்தா கண்டிப்பா சுகமாயிடும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். சுகமாகாவிட்டால் அதுவும் என் தப்புதானா என்று நான் யோசித்துக்கொண்டே கிடப்பேன்.

மூன்றாவது ஊசிக்குப் போன அன்று, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல பஸ் நின்றது. நான் தலையில் கட்டியிருந்த துணியைக் காற்று ஜன்னல் வழியாகத் தூக்கிப்போய் வயலில் போட்டது. பஸ்ஸே என் மொட்டையைப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மளமளவென்று இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் கால் வைத்து அதை எடுத்து வந்தார்.

"ஒரே சேறு, இத எப்படிங்க கட்டுவீங்க? விடுங்க" என்றவர், தன் முக்காட்டையும் தலையிலிருந்து எடுத்துவிட்டார். அங்கேயும் மொட்டை. கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அவர் நாகப்பட்டினத்தில் மீன் விற்பவர். அதே ஆஸ்பத்திரி, அதே ஊசி. அதன் பிறகு சேர்ந்தே போனோம். ஒருநாள் கேட்டார்:

"டீச்சர், உங்க சாமி உங்களச் சரிபண்ணிடுவாரா?"

"தெரியலங்க. சிலுவையில அவரே தப்பிக்கல."

"அப்புறம் எதுக்குக் கும்புடுறீங்க?"

"வலின்னா என்னன்னு அவருக்குத் தெரியும். விட்டுட்டுப் போகமாட்டாரு. மண்ணுக்குள்ள போனாலும் அதோட முடிஞ்சிடாது. அவரு எந்திரிச்ச மாதிரி நம்மளயும் எழுப்புவாரு."

சொன்ன பிறகுதான், நான் நம்புவது இதைத்தான் என்று எனக்கே விளங்கியது. பல மாதமாக அழுத்திய ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது.

அவர் கையிலிருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்தார். "அப்ப இப்பவும் கூடத்தான் வர்றாரா? அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாமே."

என் சிகிச்சை முடிந்தது. முடி சுருள்சுருளாக முளைத்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைதான். ஆனால் அவருக்கு நோய் மறுபடி வந்துவிட்டது. போனில் சொல்லும்போது அழுதார். சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

"எத்தன மணி பஸ்ஸு?" என்றுதான் கேட்டேன்.

அவருக்கு ஊசி போடும் நாட்களில் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கீழ்வேளூரில் ஏறிக்கொள்கிறேன். பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். போன முறை அந்தப் பையில் நெத்திலிக் கருவாடு. தஞ்சாவூர்வரை பஸ்ஸே முகத்தைச் சுளித்தது. நாங்கள் கண்டுகொள்ளவில்லை.