பத்து விநாடி 'சரி'

தானாகச் சோதிக்கும் மெஷின் நடுவில் நின்று ஆளைக் கேள்வி கேட்குமே, அந்தக் கேள்விப் பலகையைச் செய்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. பொத்தானை வைத்துக்கொண்டு பதிலுக்கு நேரம் தராத பெட்டிகளிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

விளக்கு

எழுபதுகளில், திருவொற்றியூரில் லாரி பிரேக் வால்வு செய்யும் கம்பெனி. மெஷின் வால்வுக்குள் காற்றை அடைத்துவிட்டு, விளக்கைப் போட்டுக் காத்திருக்கும். நான் விளக்கின்மேல் தமிழில் 'கசிகிறதா?' என்றும், கீழே இரண்டு பொத்தான்களில் 'கசிவு', 'சரி' என்றும் எழுதினேன். மேனேஜர் வந்தார். பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் 'சரி' என்றே மெஷின் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "பிரேக் சார், ஆள் செத்துடுவான்" என்றேன்.

"கேள்வி கேக்கறது மெஷினோட வேலைய்யா, உன்னுது இல்ல."

வாயை மூடிக்கொண்டு ஒயரை முடுக்கினேன். அந்தக் கோபம் இன்னும் என்மேல்தான்.

சோப்பு நுரை

சோதிப்பவன் ராயபுரம் ஆரோக்கியம். வால்வில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கையும் நுரை. துடைத்துப் பொத்தானைத் தொடுவதற்குள் பத்து விநாடி பறந்துவிடும்; ஓட்டை வால்வு நல்ல பெட்டியில் விழுந்துவிடும். வாங்கியவர்களிடமிருந்து நாலு வால்வு திரும்பி வந்தன. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அவனுக்கு மெமோ.

"நான் 'சரி'ன்னு சொல்லவே இல்ல மாமு. கம்முனு இருந்ததுக்கா வேல பூடும்?"

மணி

மறுநாள் யாரையும் கேட்காமல் ஒயரை மாற்றினேன். பொத்தான்களைக் கழற்றி, பழைய தையல் மிஷின் மிதி இரண்டைக் காலடியில் வைத்தேன். பதில் வராவிட்டால் மெஷின் நிற்கும், மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு டோல்கேட்டில் போய்க்கொண்டிருந்த பஸ் நின்றது, இறங்கியவர்கள் சாட்சி. மேனேஜர் ஓடி வந்தார்.

"எவனக் கேட்டு இதச் செஞ்ச? நாளைக்கு மொதலாளிகிட்ட வந்து சொல்லு."

விசாரணை

மெமோவோடு ஆரோக்கியமும் பக்கத்தில் நிற்க, சொன்னேன். நுரை, பத்து விநாடி, எல்லாவற்றையும் முதலாளி கேட்டுக்கொண்டார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினேன். "பத்து விநாடி வைக்கச் சொன்னது நீங்கதானே சார்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முள் எட்டைத் தாண்டியது, ஒன்பது, பத்து. ஆரோக்கியம் கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னான்.

"டைம் ஆயிட்ச்சு மொதலாளி. 'சரி'ன்னு போட்டுக்குங்க."

மெமோ கிழிந்தது, மணி நிலைத்தது, மேனேஜர் மட்டும் அடுத்த மாதமே பெரிய நாற்காலிக்குப் போனார்: வாயைத் திறக்காமல் மேலே ஏறுகிறவர்களுக்கு மணி அடிக்கிற மெஷினை நானும் செய்யவில்லை, வேறு எவனும் செய்ததாகத் தெரியவில்லை.