கோளாறு பெடலில் இல்லை

பெடல் லூசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பெங்களூரு ஹெப்பகோடியில் ஒரு கார்மெண்ட்ஸில் பதினாறு வருடமாகக் காலர் தைத்தவள் நான். தையல் கோணினால் மெஷினைத்தான் சந்தேகப்படுவோம், நம் காலை அல்ல. மெக்கானிக்கை இரண்டு முறை கூப்பிட்டுத் திட்டினேன். மூன்றாவது முறை அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார்.

"மெஷின் சரியாதான் இருக்குக்கா. நீங்கதான் அழுத்த மாட்டேங்கிறீங்க."

அன்று மாலை பஸ் படியில் கால் ஏறவில்லை. மறுநாள் எழுந்து நிற்கவே முடியவில்லை.

நரம்பியல் மருத்துவர் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், கால் அசையவில்லை. கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார். சமீபத்தில் ஊசி ஏதும் போட்டீர்களா என்று கேட்டார். இரண்டு வாரம் முன்பு கம்பெனி முகாமில் ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தேன். அதே வாரம் வயிற்றுப்போக்கும் இருந்தது.

"அப்போ ஊசிதானே மேடம் காரணம்?" என்றார் என் கணவர்.

"இருக்கலாம். ஆனா ஊசியால வர்றது ரொம்ப அபூர்வம். வயித்துப்போக்குக்கு அப்புறம் வர்றதுதான் அதிகம். இவங்களுக்கு எதனாலன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

எனக்கு வாய் நீளம். யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது; ஆள் கிடைக்கவில்லை.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். தினமும் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசைகளின் பலம் அதில் தெரியுமாம். முதல் நாள் முப்பது வரை எண்ணினேன். மூன்றாம் நாள் பதினொன்றோடு நின்றது. பிறகு தொண்டையில் செயற்கை மூச்சுக்கான குழாய். பதினெட்டு நாள் நினைவோடு கிடந்தேன். மூக்கு அரித்தால்கூடச் சொல்ல வழியில்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன். திரும்பத் தையல் லைனில் உட்கார வேண்டும், அது ஒன்றைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களே, பலரும் எழுந்து நடக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னால் நம்புங்கள். நானும் வாக்கர் பிடித்து நடக்கிறேன். ஆனால் ஒரு வருடமாகியும் கணுக்காலுக்குக் கீழே உணர்வு வரவில்லை. கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் நான் தனியாக இருந்தபோது, லைனில் கூட வேலை பார்த்த செல்வி கதவைத் தட்டினாள். "இரு, வரேன்" என்றேன். குழாய் போய் வந்த தொண்டை; குரல் கதவைத் தாண்டியிருக்காது. கட்டிலிலிருந்து கதவு எட்டடி. திறந்தபோது கைப்பிடியில் ஆரஞ்சுப் பழங்கள் போட்ட ஒரு பை தொங்கியது. தெருமுனையில் அவள் முதுகு தெரிந்தது.

சாயங்காலம் போன் செய்தாள். "எங்கக்கா போயிருந்த? அவ்ளோ நேரம் தட்டினேன்."

"எங்கயும் போகல செல்வி. வந்துட்டுதான் இருந்தேன்."