வெள்ளைப் பொட்டுக்கு மேலே

சௌந்தரம் டீச்சர் போய்விட்ட செய்தி ஒரு நோட்டில் வந்தது. ஏழாம் வகுப்புக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பியூன் வந்து சுற்றறிக்கை நோட்டை நீட்டினார். நம் பள்ளி அறிவியல் ஆசிரியை இன்று காலை காய்ச்சலில் காலமானார், மதியத்துக்கு மேல் விடுமுறை, படித்துவிட்டுக் கையெழுத்திடவும் என்று இருந்தது. இட்டேன். விடுமுறை என்றதும் பின்பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களை என்ன சொல்ல? பெரியவர்கள் நாம் செய்ததைவிட அது ஒன்றும் கேவலமில்லை.

பள்ளி மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். அன்பானவர், அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதினால் போதுமாம். அதிர்ந்து பேசாதவர்தான். எதனால் அப்படி ஆனார் என்பதையும் யாராவது எழுத வேண்டுமே. அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

பள்ளிக்கு ரேடியோ வந்த வருஷம், ஒலி பாடத்துக்காகச் சௌந்தரம் டீச்சர் அதை வகுப்புக்குத் தூக்கி வரச் சொன்னார். தையல் அறை பக்கத்தில்தான் என்பதால் நானும் வாசலில் நின்று பார்த்தேன். மதியக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. குமிழை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, ஏதாவது காணாமல் போனால் உடனே கை தூக்குங்கள் என்றார். முதலில் மிருதங்கத்தின் இடது பக்கம், அந்தக் கனமான ‘தொம்’ போனது. பிறகு தம்புரா போனது. பாட்டும், மிருதங்கத்தின் வலது பக்கத்துச் சத்தமும் மட்டும் மெலிசாக மிஞ்சின.

“பாத்தீங்களா? திருப்புனது ஒரே குமிழைத்தான். ஆனா நம்ம காது எல்லாத்தையும் ஒண்ணுபோலக் கொறைக்காது. சத்தத்தைக் கொறைச்சா அடியில இருக்கிறதுதான் முதல்ல போகும்” என்றார். பிறகு கடைசி வரைக்கும் கூட்டினார். பெட்டி கரகரத்தது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். “முக்காலுக்கு மேல போனா கூடுறது பாட்டு இல்ல, கரகரப்பு. நடுவுல ஒரு எடம் இருக்கு. அங்க வச்சாத்தான் பாடுறவங்க, வாசிக்கிறவங்க எல்லாரும் இருப்பாங்க.”

அந்த நடு இடம் அவர் வீட்டில் அவருக்குக் கிடையாது. விடைத்தாள் கட்டு வாங்க ஒரு சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ரேடியோவின் குமிழுக்குப் பக்கத்தில், கால் சுற்று தள்ளி, வெள்ளை பெயிண்டில் ஒரு பொட்டு இருந்தது. என்ன டீச்சர் இது என்றேன்.

“அவங்க வச்சது. நான் கேக்கும்போது இதுக்கு மேல போகக் கூடாது. டீச்சர் வீட்டுப் பாட்டு தெருவுக்கே கேக்குதுன்னு பேச்சு வந்துருமாம்.”

“அவர்தான் ஆபீஸ் போயிருக்காரே, திருப்புங்களேன்.”

“தெருவே அவங்ககிட்ட சொல்லிரும் டீச்சர்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அவருடைய வீட்டுக்காரர் சத்தம் என்பது குமிழில் இருக்கிறது என்று நம்பிய மனிதர். செய்தி வாசிக்கிறவர் குரலும் நாகசுரமும் ஒரே பொட்டில் ஒரே மாதிரியா கேட்கும்? ஊரெல்லாம் விளக்குப் போட்டு மின்சாரம் மங்குகிற நேரத்தில் அதே பொட்டு காலையைவிடச் சன்னமாகத்தான் பேசும். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. பொட்டில் வைத்திருக்கும்போதே நாகசுரம் வாசல்வரை கேட்டுவிட்டால் மீறிவிட்டாய் என்று சண்டை. சண்டை போட்ட மறுநாள் டீச்சர் வகுப்பில் அதே ஒலி பாடத்தை நடத்துவார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ரேடியோவைக் கொண்டுபோய் இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தார். மூலையில் வைத்தால் அடிச்சத்தம் திரண்டு வருமாம். ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து கேட்டார். “பொட்டு இருந்த எடத்துலேயேதாங்க இருக்கு. நான்தான் கிட்டப் போயிட்டேன்” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதம் அந்த முகத்தோடு பள்ளிக்கு வந்தார். ஒரு நாள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டார். “இவ என்ன ரேடியோவைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா” என்று கேலி பேசி, அதைத் தலைக்கு மேல் பலகை அடித்து ஏற்றிவிட்டார். சாயங்காலச் செய்திக்கு மட்டும் தன் கையாலேயே பொட்டைத் தாண்டித் திருப்புவார். தெரு ஆண்கள் வாசலில் கூடி நின்று கேட்பார்கள். அப்போது யாருக்கும் எந்தப் பேச்சும் வரவில்லை.

வீட்டுக்காரரைத் திட்டி முடித்துவிட்டு இதை நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. நிறுத்த முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் ரேடியோ உண்டு. பொட்டு கிட்டு ஒன்றும் கிடையாது. ஒரு நாள் டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஞாயித்துக்கெழமை ஒரு நல்ல கச்சேரி வருதுங்க. ஒங்க வீட்ல வந்து கேக்கட்டுமா? நடுவுல வச்சு, ஒரு தடவை.” வாங்க டீச்சர், இது ஒரு பெரிய விஷயமா என்றேன். பெரிய மனுஷி மாதிரி.

வந்தார். என்னிடம் கேட்டுக்கொண்டு அவரே குமிழைத் திருப்பினார். அந்தத் ‘தொம்’ எழுந்து தரைவழியாகக் காலில் ஏறியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டார். பத்து நிமிஷம் இருக்கும். எதிர்வீட்டம்மா வாசலுக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். என் கை நீண்டு குமிழைக் குறைத்தது.

மிருதங்கத்தின் இடது பக்கம் போய்விட்டது. டீச்சர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, குமிழைப் பார்த்தார். மரியாதைக்குக் கடைசிவரை இருந்து, காப்பி குடித்து, “வாரேன் டீச்சர்” என்று கிளம்பினார். அதற்கப்புறம் அவர் கேட்கவுமில்லை, நான் கூப்பிடவுமில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அவர் உடம்பு கிடந்த கூடத்தில், பலகைமேல் ரேடியோ இருந்தது. அதை மூடியிருந்த பூவேலைத் துணி நான் தைத்துக் கொடுத்தது. வந்தவர்களிடம் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். “ரேடியோன்னா அவளுக்கு உசுரு. ஒரு நாளும் நான் தடுத்ததில்ல.” ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். துணியைத் தூக்கி அந்தப் பொட்டைக் காட்டலாம் என்று எழுந்தேன். ஒங்க வீட்ல மட்டும் என்ன நடந்துச்சு என்று என்னைத் திருப்பிக் கேட்க அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் தரையில் கிடந்தார். உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் காதுதான். எந்தப் பாட்டானாலும் இப்போது முதலில் மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தேடுகிறது. அது வரும்வரை குமிழைத் திருப்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டம்மா மறுபடி வாசலுக்கு வந்தாள். என் கை தானாக எழுந்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“என்ன டீச்சர், இவ்வளவு சத்தம்?” என்றாள்.

“நடுவுலதான் வச்சிருக்கேன்” என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் டீச்சர் ஒரே ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்.