அந்த ‘எல்’ எதற்கு?

போன ஞாயிறு பாலிக் புலாவில் டுரியான் பழம் வாங்கிக்கொண்டு மலைச்சாலை வழியாக ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பினோம். என் மனைவியின் தம்பி காரை ஓட்டினார். ஆட்டோ கியர் கார். நான் முன் இருக்கையில், மனைவி பின்னால்.

இறக்கம் தொடங்கியதும் அவர் கியரை ‘என்’னுக்குத் தள்ளினார். ஃப்ரீ கியரில் விட்டால் பெட்ரோல் மிச்சமாம். நம்மவர்கள் பலருக்கு இந்த நம்பிக்கை உண்டு — லோரி ஓட்டிய காலத்துச் சொத்து. சில வளைவுகள் தாண்டியதும் கருகல் வாடை... டுரியான் பழத்தின் நெடியையும் மீறி.

சென்ற ஆண்டு எங்கள் மகன் இதே இறக்கத்தில்தான் இறந்தான். வழக்கமாக ஓட்டும் ‘டி’ கியரிலேயே, வழிநெடுக பிரேக்கை மிதித்தபடி இறங்கியிருக்கிறான். பிரேக் சூடேறி, பிடிக்காமல் போயிற்று. வந்தவர்கள் விதி என்றார்கள். நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் கியரைப் பற்றி யார் பேசுவது?

மைத்துனரிடம் ‘எல்’லில், அதாவது தாழ்ந்த கியரில், போடச் சொன்னேன். உங்கள் காரிலும் அந்த எழுத்து இருக்கலாம். சிலவற்றில் ‘எஸ்’ இருக்கும். எதற்கென்று கேட்டிருக்கிறீர்களா? கியர் தாழ்ந்திருந்தால், உருளும் சக்கரங்கள் இஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். அந்தச் சுமையே வேகத்தைப் பிடித்து வைக்கும், பிரேக்குக்கு ஓய்வு. அப்போது பெட்ரோலும் அநேகமாகச் செலவாவதில்லை. இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன்.

“ஆட்டோ கார்தானே அத்தான், அதுவே பாத்துக்கும்லா” என்று சிரித்தார்.

‘என்’னில் போட்ட பிறகு அது எதைப் பார்த்துக்கொள்ளும்?

என் மனைவி பின்னாலிருந்து சொன்னாள்: “‘எல்’ல போடு, தம்பி.”

வேகத்தைக் குறைத்து, போட்டார். இஞ்சின் உறுமியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் கார் நிதானப்பட்டது. இப்படிக் கத்தினால் இஞ்சின் கெட்டுவிடும் என்று அடிவாரம் வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

எங்கள் வீடு சேர்ந்ததும் தம் மனைவிக்கு ஃபோன் போட்டார். அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு அதே வழியில் போகலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அத்தானுக்கு இன்னும் மனசு தேறல, பாவம். கியரப் பத்தியே பேசிக்கிட்டு வர்றாரு.”

அக்கா சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் மனம் தேறவில்லை என்பது உண்மை. அவருடைய பிரேக் கருகியதும் உண்மை.