யாரும் கேட்காத ஒன்பது மணி

ஐம்பதுகளில் கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் பயிர் ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் இருந்தது. படித்தவர்களோடு வெள்ளாமைக்காரரும் அதில் சேர்த்தி. வருடத்துக்கு ஒரு முறை கல்முனையில் பெரிய கூட்டம் நடக்கும். யார் எத்தனை மணிக்குப் பேசுவது என்பதைச் செயலாளர் ஒருவரே எழுதுவார். அவர் காரைதீவில் பள்ளிக்கூட மாஸ்டர்.

என் வயல் சாய்ந்தமருதில், கடலில் போய் விழும் தோணா ஓடைக்குப் பக்கம். கடல் பொங்கினால் தோணா வழியாக உப்புத்தண்ணீர் ஏறும். முளைத்த பயிர் மஞ்சளாகிச் சாகும். இரண்டு வருட வெள்ளாமை போயிற்று. மூன்றாவதும் போனால் வயலை விடவேண்டியதுதான். கூட்டத்துக்கு வரும் ஆராய்ச்சிப் பண்ணை ஐயாவிடம் கேட்கலாமென்று இரண்டு கூட்டத்துக்கும் போனேன். என் கேள்வியை ‘ஏனையவை’ என்று கடைசியில் போட்டிருந்தார்கள். அதற்குள் ஐயா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மாஸ்டர் சொன்னார்: “நான் ஒராள் எழுதினா எனக்குத் தெரிஞ்சதுதான் வரும். இந்த முறை வட்டைக்காரரே எழுதித் தாங்க.”

ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்கள் ஒரு வட்டை. நான்கு வட்டைக்கும் மணி போட்ட தாள் வந்தது. என் உப்புக் கேள்வியை முதலாவதாக, ஒன்பது மணிக்குப் போடச் சொன்னேன். மச்சான் சிரித்தார்.

“விருந்தாளி இருக்க நாமளா முதல்ல சோத்துச் சகனில கை வைக்கிற? திருக்கோவில் வட்டையாக்கள் தூரத்திலிருந்து வாறாங்க. வெக்கமில்லையா காக்கா?” என்றார். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம்.

“ஓம், அதுவும் சரிதான்” என்றேன். மூன்று மணிக்கு எழுதினோம்.

கூட்டத்தன்று மாஸ்டர் நான்கு தாளையும் தூக்கிக் காட்டினார்.

“ஒன்பது மணியை ஒருத்தரும் எடுக்கல்ல. மூணு மணிக்கு நாலு பேர் நிக்கிறீங்க.”

“நாங்க உங்களுக்கெண்டு விட்டம்!” என்றது திருக்கோவில் பக்கம்.

“நாங்களும் உங்களுக்கெண்டுதான்!” என்றோம் நாங்கள்.

மண்டபமே சிரித்தது. ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நானே மாத்தியிருக்கலாம். நீங்க எழுதின தாள், நீங்கதான் மாத்தணும். ஆர் வாறது?” என்றார் மாஸ்டர்.

மச்சான் என் விலாவில் இடித்தார். “போங்க காக்கா. சோறு ஆறுது.”

போனேன். பத்து வசனம் பேசியிருப்பேன். எந்த மாதம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நின்றது என்று ஐயா கேட்டு எழுதினார். “மழைத்தண்ணியக் கட்டி ரெண்டு தரம் வடிச்சிட்டு விதைங்க. உப்புக் கழுவுப்படும்” என்றார்.

அப்போது திருக்கோவில்காரர் ஒருவர் எழும்பினார். “காக்கா, எங்கட பக்கமும் களப்பால உப்புத்தண்ணி ஏறும். ஒரு சிவப்பு நெல்லு தாங்குது. அதத்தான் நான் மூணு மணிக்குக் கதைக்க இருந்தன்.”

அடுத்த கிழமை அவர் விதைநெல் அனுப்பினார். இரண்டு தரம் வடித்தேன், விதைத்தேன். அரைவாசி வயல் கதிர் தள்ளியது. அல்ஹம்துலில்லாஹ், அது போதும். வயலை விடவில்லை.

அறுப்பு முடிந்து, நன்றி சொல்ல மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு, அடுத்த வருடத் தாளை எப்போது தருவீர்கள் என்று கேட்டேன்.