ஆற்று நடுவே பெண் கொடுத்தல்

சுவிசில், துன் ஏரிக்கரையில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், தினமும் காலையில் ஓர் அரச கலியாணத்தைத் தூசி தட்டுகிறேன். பிறாவ் சுட்டர் என்ற அம்மாவின் அறையில், கட்டிலுக்கு எதிரே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் படம் அது. இங்கே வயதானவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தை மாட்டுவார்கள், செத்துப்போன நாயின் படத்தையும் மாட்டுவார்கள். இவரோ எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஊரார் கலியாணத்தை மாட்டி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் இறகும் நாடாவும் சரிகையுமாகப் பிரெஞ்சுக்காரர். மறுபக்கம் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல ஸ்பானியர். நடுவில் இடைவெளி. சம்பந்திச் சண்டை என்றுதான் எனக்கு முதலில் பட்டது.

“இவர்களுக்குள் கோபமா?” என்று என் அரைகுறை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டேன்.

அவர் ஒரு காலத்தில் சரித்திர ஆசிரியை. கேட்டதுதான் தாமதம், தலையணையை நிமிர்த்தச் சொல்லிவிட்டுத் தொடங்கினார். இரண்டு அரச குடும்பங்களும் பல வருடம் தமக்குள் அடிபட்டுக் களைத்துச் சமாதானத்துக்கு வந்தன. ஸ்பெயினிடமிருந்து ருசியோன் என்ற மாகாணம் பிரான்சுக்குப் போனது. கூடவே ஸ்பானிய அரசரின் மகள் மரியா தெரேசாவும் பிரெஞ்சு அரசருக்கு மனைவியாகப் போனாள். ஓர் அரசர் மற்றவருடைய மண்ணில் கால் வைப்பது மரியாதைக் குறைவு. அதனால் எல்லை ஆற்றின் நடுவிலுள்ள தீவில் மண்டபம் கட்டி, அதையும் பாதி பாதியாகப் பிரித்து, அங்கே வைத்துப் பெண்ணை ஒப்படைத்தார்கள்.

“பிறகு தகப்பனைப் பார்த்தாளா?”

“இல்லை. ஒருபோதும் இல்லை.”

தூசித் துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னேன். “என் கலியாணமும் அப்படித்தான். என் நாட்டிலும் இல்லை, இந்த நாட்டிலும் இல்லை. இந்தியாவில்.”

“இந்தியாவிலா! எவ்வளவு அழகு! யானை இருந்ததா?”

கோயில் வாசலில் ஒரு யானை நின்றது உண்மைதான். ஆகவே ஆம் என்றேன். பிறாவ் சுட்டருக்கு அளவில்லாத சந்தோசம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு அந்தக் கலியாணங்கள் தெரியாதவை அல்ல. மாப்பிள்ளை அகதி. அவருடைய பயணப் பத்திரம் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும். ஆகவே திருச்சியில் வாடகை மண்டபம், வாடகை மேளம். யாழ்ப்பாணத்திலிருந்து என்னோடு வந்தவர் அப்பா மட்டும். தாலி கட்டிய கையோடு இவர் சுவிசுக்குத் திரும்பிவிட, விசா வரும்வரை அப்பாவும் நானும் ஓர் அறையில் சோறு காய்ச்சிக்கொண்டு கிடந்தோம். விசா வந்த பின் சென்னை விமான நிலையத்தில் அவர் கொழும்புக்கு ஒரு வரிசை, நான் சூரிச்சுக்கு இன்னொரு வரிசை. “போய்ச் சேர்ந்தோடன ஒரு கோல் எடு, வதனி” என்றார். அதற்குப் பிறகு அவரை நேரில் பார்க்கவில்லை. மனைவி என்பதால் இவருடைய அகதித் தகுதி எனக்கும் வந்தது, அதோடு இவருடைய தடையும் வந்தது. மரியா தெரேசாவிடம் ஸ்பெயின்மீது இனி உரிமை கோரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்களாம். நானும் எங்கேயோ கையெழுத்து வைத்தேன். ஊரும் அதோடு போனது பிறகுதான் விளங்கியது.

மரியா தெரேசாவுக்குப் பிரெஞ்சு கடைசிவரை சரியாக வரவில்லை. கணவனுக்கு வேறு பெண்கள். பாரிசில் தன் ஸ்பானியத் தோழிகளோடு சொக்கலேற் குடித்துக்கொண்டு இருந்தாளாம். எனக்கும் இங்கே சொக்கலேற்றுக்குக் குறைவில்லை, தோழிகள்தான் இல்லை. இவர் ஹோட்டல் சமையலறையிலிருந்து வரும்போது நான் வேலைக்குப் போய்விடுவேன். தனிமை என்னைப் பிடித்துத் தின்றது. இப்போதும் தின்கிறது.

சீதனம் வந்து சேரவில்லை, ஆகவே மரியா தெரேசா வைத்த கையெழுத்துச் செல்லாது என்று, மாமனார் கண்ணை மூடியதும் பிரெஞ்சு மருமகன் ஸ்பெயின் வசமிருந்த நிலங்களை ஊர் ஊராகப் பிடித்தாராம். சுவிசின் மேற்கெல்லைக்கு அப்பாலுள்ள பிரான்ஷ் கொம்தேயும் ஸ்பெயினிடமிருந்து இப்படிப் போனதுதானாம். சீதனச் சண்டை எங்கள் ஆட்களின் தனிச்சொத்து என்றல்லவா நினைத்திருந்தேன்! பிறகு ஸ்பானிய அரச குடும்பத்தில் வாரிசே இல்லாமல் போனபோது, மரியா தெரேசாவின் பேரன் மத்ரித்துக்கு அரசனாகப் போனான். அதைப் பார்க்க அவள் உயிரோடு இல்லை.

இந்த மாரியில் அப்பா விழுந்து படுக்கையாகிவிட்டார். “அக்கா, உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்” என்று தம்பி போனில் அழுதான். சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் போகலாம். அதற்கு டொச் எழுத்துச் சோதனை தேற வேண்டும், எனக்கு அது இன்னும் வசப்படவில்லை. இங்கே பிறந்த மகள் ஆரணியிடம் கடவுச்சீட்டு இருக்கிறது.

“நான் போறன் அம்மா.”

“நீ போய் என்ன செய்யிறது? அவர் கேக்கிறது என்னையெல்லோ.”

“உங்களைப் போன்ல கொண்டுபோறன்.”

போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் எடுத்தாள். இல்லத்தின் உடுப்பு தோய்க்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அப்பா நன்றாக மெலிந்திருந்தார். அவர் கண் ஆரணியின் முகத்தை விட்டு அசையவில்லை.

“வதனி, வந்திட்டியோ?”

“அம்மப்பா, நான் ஆரணி. அம்மா இதுக்குள்ள நிக்கிறா, பாருங்கோ.”

“உந்தப் போனை அங்கால வை பிள்ளை. கையைத் தா.”

அவள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள். எனக்கு முகட்டு ஓடுகள் மட்டும் தெரிந்தன, ஒரு மூலையில் மின்விசிறியின் இறக்கை வந்து வந்து போனது. அப்பா கேட்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இனித் திரும்பிப் போகமாட்டாய்தானே?”

ஆரணி திரும்பும் விமானம் அடுத்த கிழமை. அவள் பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்த பிள்ளை.

“இல்லையப்பா, போகமாட்டன்” என்று நான் துன்னில் நின்று சொன்னேன்.

“அது போதும்” என்றார் அப்பா, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு.