வாய்தாவில் நின்ற சிறுகோள்

என் கல்யாணம் ஒரு கல்லால் நின்றது. பொதிகை மலையிலிருந்து ஒரு துண்டை உடைத்து வானத்தில் எறிந்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அந்தக் கல். அதைச் சிறுகோள் என்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தாய்மாமன் அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார். பெண்ணின் அப்பா கோர்ட்டில் சிரஸ்தார். கட்டு கட்டாக வழக்குக் காகிதங்களை ஒழுங்கு பண்ணி வைப்பவர். ஒரு கையெழுத்து குறைந்தால் கலெக்டரே வந்தாலும் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி.

ரயிலேறிப் போனோம். சொஜ்ஜி வந்தது. நான் பாழாய்ப் போன வாயைத் திறந்தேன்.

"புதுசா ஒரு குட்டிக் கிரகத்தக் கண்டுபிடிச்சிருக்காங்க. முட்டை வடிவத்துல சுத்துது. செவ்வாய விடப் பூமிக்குக் கிட்ட வந்துட்டு, அப்புறம் வியாழன் பக்கமா ஓடிருது" என்றேன். முந்தின வருஷம்தான் வால்நட்சத்திரத்துக்கு ஊரே பயந்து கிடந்தது; ஆகையால் நன்றாகக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "திரும்பி எப்ப வரும்?"

பெண்தான். பெரியவர்கள் நடுவே கேள்வி கேட்கிற பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நாலு வருஷத்துக்கு ஒரு சுத்து" என்றேன். சொல்லும்போதே அவள்மேல் ஆசை வந்துவிட்டது.

சிரஸ்தார் சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப மாப்பிள்ளை ஜாதகத்துல அது எங்கன இருக்கு?"

பொருத்தம் பார்த்த ஜோசியரும் அங்கே இருந்தார்; அவர் சிரித்தார். ஒன்பது கிரகம் போதும், பத்தாவது எதற்கு என்றார். சிரஸ்தார் சிரிக்கவில்லை. "ஒம்பது சாட்சிய விசாரிச்சாச்சு. பத்தாவதா ஒருத்தன் இருக்கான்னு மாப்பிள்ளையே வாக்குமூலம் குடுத்துட்டாரு. அவன விசாரிக்காம எப்படித் தீர்ப்பு எழுத?"

வெற்றிலைத் தட்டு உள்ளே போய்விட்டது. பத்தமடையில் எங்கள் இருவர் பெயரையும் போட்டு நெய்யச் சொல்லியிருந்த கல்யாணப் பாயை நிறுத்தச் சொல்லி ஆள் போனது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாலே?" என்றார் மாமா, ரயிலில் எல்லோரும் பார்க்க. "போற சனியன வெல குடுத்து வாங்கிட்டியே!"

சரி, கணக்குதானே, போட்டுக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். சென்னையில் இருந்த ஒரு சிநேகிதனுக்கு எழுதி, பாதைக்கான எண்களைத் தருவித்தேன். மடக்கை அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தேன். பிறகுதான் கணக்கு உதைத்தது. அந்தக் கல்லைச் சில வாரங்கள்தான் பார்த்திருக்கிறார்கள். சுற்றுக் காலத்தில் இம்மி பிசகினாலும், நான் பிறந்த வருஷத்துக்குப் பின்னோக்கிப் போகும்போது அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்துகொண்டே போகிறது.

ஜாதகத்தில் ஏதாவது ஒரு நல்ல வீட்டில் அதைத் தூக்கி வைத்துவிட்டிருக்கலாம். எவன் வந்து சரிபார்க்கப் போகிறான்? ஆனால் எனக்குக் கணக்குத் திமிர். நேரே போய், "பன்னெண்டு ராசியில எதுல வேணும்னாலும் இருந்திருக்கலாம்" என்று சொன்னேன்.

"ஒரு ஆசாமிக்குப் பன்னெண்டு விலாசமா!" என்றார் சிரஸ்தார்.

அதோடு போயிற்றா? அடுத்த மாதமே பத்திரிகையில் வந்தது, அந்தக் கல் காணாமல் போய்விட்டதாம். எவ்வளவு தேடியும் யார் கண்ணிலும் அகப்படவில்லையாம். எனக்கு ஒரே குஷி. இனி என்ன தடை? ஓடிப்போய்ப் பத்திரிகையைக் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "சாட்சி தலைமறைவு. ஆள் ஆஜராகுற வரைக்கும் வாய்தா" என்றார்.

அந்த வாய்தா ஒன்றரை வருஷம் ஓடியது. நாளைக்கு அகப்படும், நாளன்றைக்கு அகப்படும் என்று ஒவ்வொரு பத்திரிகையாகப் புரட்டினேன். வேறு இடத்தில் பெண் பார்க்க மாமா கூப்பிட்டபோதெல்லாம் சண்டை போட்டேன்.

ஒரு காலையில் சிரஸ்தாரே என் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம். மாப்பிள்ளை வேறொருவர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவருக்கு வயது என்ன என்று கேட்டேன். என்னைவிட ஒன்பது நாள் இளையவராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒம்பது நாள்ல அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்? என் ஜாதகத்துல எங்கன இருக்கோ, அநேகமா அங்கனதானே அவரு ஜாதகத்துலயும் இருக்கும்!"

"இருக்கும்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "ஆனா அவரு அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே, வாத்தியாரே. மனுவுல இல்லாதத எப்படி விசாரிக்க?"

வாத்தியாரே என்றுதான் சொன்னார். மாப்பிள்ளை என்ற அழைப்பு போய்விட்டது. "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"கட்டுனா அந்த வாத்தியாரத்தான் கட்டுவேன்னு அவ ஒரு நா சொன்னா, நெசந்தான். ஆனா, கேஸு வாய்தாவுல கெடக்கும்போதுல்லா சொன்னா? அத எப்படிவே பதிவுல எடுக்க?"